பேணுவோரையும் பேணுதல்

பூனா நகரிலிருந்து லோணாவளா செல்லும் உள்ளூர் இரயில் முளா ஆற்றைக் கடந்ததும் தாபோடியில் நிற்கும். 2023-ஆம் ஆண்டு முதல் மெட்ரோ இரயிலும் அங்கே நிற்கிறது. இராணுவப் பொறியியற் கல்லூரியும் மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனையும் அவ்வூரில் உள்ளன. அக்கரையில் கிர்க்கி, அதன் வெடிமருந்துத் தொழிற்சாலை. இவை போன்ற வேலைகளை நாடி வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் பல. நாமும் அவர்களுள் ஒருவராக இருந்தே இன்று சிலவற்றைச் சொல்ல விழைகிறோம்.

சொந்த ஊரில் ஒரு தாய்க்குக் காய்ச்சல் வந்தால் குழந்தை பாட்டியின் மடிக்குப் போகும். அங்கிருந்து அத்தையின் இடுப்புக்கு மாறும். யாரும் யாரையும் கேட்பதில்லை. பிற மாநிலத்தில் வாழும் நமக்கு அந்த மடியும் இல்லை, இடுப்பும் இல்லை. குழந்தை சிறப்புத் தேவையுடையதாகவும் இருந்துவிட்டால், நடக்க இயலாத, பேச இயலாத, அல்லது இரவெல்லாம் உறங்காத குழந்தையாக இருந்துவிட்டால், பெற்றவரின் உடலே அதற்குக் காலும் நாவும் கடிகாரமும் ஆகிவிடுகிறது. அந்த உடலைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

எங்கள் மகனுக்கு வயது பதினொன்று; பிறவியிலேயே பெருமூளை வாதம். சில ஆண்டுகளுக்கு முன், அவனைத் தூக்கிக்கொண்டு இரயில் நிலையத்துப் படிகளில் ஏறும்போது எங்களுள் ஒருவருக்குக் கண் இருண்டது. படியிலேயே உட்கார்ந்துவிட நேர்ந்தது. (அது தாயா, தந்தையா என்று கேட்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் அது பெரும்பாலும் யாராக இருக்கும் என்பது எல்லோரும் அறிந்ததே.) மருத்துவர் அளந்து பார்த்தபோது இரத்த அழுத்தம் 170-க்கு 100 என்று இருந்தது. "எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்டார். எங்களுக்கு விடை தெரியவில்லை. வீட்டில் மூன்று கோப்புகள் நிறையக் காகிதங்கள் இருந்தன. மகனின் எடை, அவனுக்கு வலிப்பு வந்த நாட்கள், மாத்திரையின் அளவு, காலணிக் கட்டையின் அளவு, எல்லாம் தேதி வாரியாக இருந்தன. எங்கள் பெயர் போட்ட சீட்டு ஒன்றுகூட இல்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்ற பழமொழியை உறவினர் தொலைபேசியில் சொன்னார்கள். சொல்லுவது எளிது. சுவருக்குப் பூச்சு வேலை செய்யும் நேரத்தில் சித்திரத்தை யார் கையில் கொடுப்பது என்பதல்லவா கேள்வி?

உண்மையில் அன்று எங்களை அச்சுறுத்தியது இரத்த அழுத்தம் அன்று. மருத்துவமனையில் நான்கு நாள் படுக்க நேர்ந்தால் மகன் எப்படி உண்பான் என்பதுதான். அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்சாயாமல் ஒரு கையால் தாங்கி, சிறு கரண்டியில் ஊட்டி, விழுங்கிவிட்டானா என்று தொண்டையைப் பார்த்த பின்பே அடுத்த கரண்டியைக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும், உணவு மூச்சுக்குழலுக்குள் போய் நுரையீரலில் சீழ் வைக்கவும் கூடும். இந்த வித்தையை அறிந்தவர் வீட்டில் ஒருவரே. ஆக, ஒரு பிள்ளையின் உயிர் ஒரே ஆளின் ஆரோக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தியாகம் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

எனவே முதல் மருந்து ஓய்வு அன்று. அறிந்ததை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்தல். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதினோம். எந்த வேளையில் எந்த மாத்திரை, வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸை அழைப்பது, அவன் இடக்கண்ணை மூடினால் போதும் என்று பொருள், இப்படியெல்லாம். அடுத்த வீட்டு மராட்டிய அம்மையாரை நாங்கள் காகூ என்று அழைப்போம். அவர் தாமாகவே முன்வந்து ஊட்டக் கற்றார். முதல் நாள் மகன் அழுதான். இரண்டாம் நாள் துப்பினான். நான்காம் நாள் எங்களிடம் உண்பதைவிட இரண்டு கரண்டி கூடுதலாகவே உண்டான். எங்களுக்குச் சற்றுப் பொறாமையாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இவ்விஷயத்தை விஞ்ஞானிகளும் ஆராய்ந்திருக்கிறார்கள். நம் உயிரணுக்களில் உள்ள குரோமோசோம்களின் நுனியில், கயிறு பிரியாமல் இருக்க இடும் முடிச்சைப் போல, டெலோமியர் என்ற பகுதி உண்டு. வயது ஏற ஏற அது குறுகும். கலிபோர்னியாவில் எலிசா எப்பெல், எலிசபெத் பிளாக்பர்ன் முதலியோர் 58 தாய்மார்களைப் பரிசோதித்து, முடிவை 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களுள் 39 பேர் நீண்டகால நோயுற்ற குழந்தையைப் பேணுபவர்கள். பேணும் ஆண்டுகள் கூடக் கூட இந்த முடிச்சு குறுகியிருந்தது. மனச்சுமை மிக அதிகம் என்று கூறிய தாய்மாருக்கோ, சுமை மிகக் குறைவு என்று கூறியவரைவிட, குறைந்தது பத்தாண்டு மூப்புக்கு ஈடாகக் குறுகியிருந்தது. (பிளாக்பர்ன் அம்மையார் டெலோமியர் ஆராய்ச்சிக்காகவே 2009-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார்.) இச்செய்தியின் மறுபாதியைக் கவனிக்க வேண்டும். பேணும் தாயர் என்ற ஒரே காரணத்தால் அவர்கள் அனைவரும் மற்றத் தாயரைவிட மூத்துவிடவில்லை. எத்தனை ஆண்டு, எவ்வளவு பாரமாக உணர்ந்தார்கள் என்பதே வேறுபாட்டைத் தந்தது. ஆண்டுகளை நாம் குறைக்க இயலாது. பாரத்தைப் பங்கிட இயலும்.

எப்படிப் பங்கிடுவது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு பாகாயத்தில் உள்ளது. அங்கே அறிவு வளர்ச்சியில் குறையுள்ள குழந்தையோடு பெற்றோரும் வாரக்கணக்கில் தங்கிப் பயிற்சி பெறும் வழக்கம் உண்டு. அங்குள்ள மருத்துவர்கள் 57 குடும்பங்களை இரு பிரிவாக்கிப் பத்து வாரம் சோதித்து, முடிவை 1999-இல் வெளியிட்டனர். ஒரு பிரிவுக்குச் சொற்பொழிவு மட்டும். மற்றப் பிரிவில் பெற்றோர் கூடி உட்கார்ந்து தம் அனுபவத்தைப் பேசிக் கலந்தனர். குழந்தையை நோக்கும் மனப்பாங்கு கூடிப் பேசியவர்களிடமே தெளிவாக மேம்பட்டது. சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருக்கும் நாம் இதைச் சொல்லச் சற்று வெட்கப்படவே வேண்டும்!

சென்னையில் பூனம் நடராஜன் என்ற தாய் தம் மகனை முன்னிட்டு 1985-இல் தொடங்கிய நிலையமே இன்று வித்யாசாகர் என்ற பெயருடன் விளங்குகிறது. பூனாவிலும் 1964 முதல் காமாயனி என்ற பள்ளி அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காக நடந்து வருகிறது. இத்தகைய பள்ளிகளின் வாசலில் நான்கு மணி நேரம் காத்திருக்கும் தாய்மார்களைக் காணலாம். மொழி வேறானாலும் அவர்களோடு பேசலாம். இடுப்பு வலிக்கு மராட்டியில் ஒரு பெயர், தமிழில் ஒரு பெயர், வலி ஒன்றுதான்.

இடுப்பு வலி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஐந்து கிலோ குழந்தையைத் தூக்கிய அதே விதத்தில் இருபத்தைந்து கிலோ பிள்ளையையும் தூக்குகிறோம். இடுப்பை வளைத்துத் தூக்குதல் ஆகாது. கால்களைச் சற்று அகற்றி நின்று, முழங்காலை மடக்கி, பிள்ளையை மார்போடு அணைத்து, தொடையின் வலுவால் எழ வேண்டும். தூக்கியபடி இடுப்பைத் திருகாமல், பாதங்களை மாற்றி வைத்தே திரும்ப வேண்டும். "தூக்கப் போகிறேன்" என்று பிள்ளையிடம் முன்னதாகச் சொன்னால் அவனும் தன்னால் ஆன அளவு உடம்பைக் கொடுப்பான். தரையில் குளிப்பாட்டாமல் உயரமான பலகையில் கிடத்திக் குளிப்பாட்டினால் பாதி வலி போகும். பிள்ளை வளர்ந்த பின் ஒருவராகத் தூக்குவதையே விட்டுவிட வேண்டும்.

உறக்கத்திற்கு, தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த ஷிப்ட் முறையே உதவும். இரவு இரண்டு மணி வரை ஒருவர், அதன்பின் மற்றவர். தொடர்ந்து நான்கு மணி நேரம் உறங்கியவர் மறுநாள் மனிதராக இருக்கிறார். உணவைப் பற்றி நீட்ட வேண்டாம்; பிள்ளையின் தட்டில் மிஞ்சியதை நின்றபடி உண்டு அதையே சாப்பாடு என்று கணக்கு வைக்கும் வழக்கம் நம் சமையலறைகளில் தெரிந்ததே. முப்பது வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் நாளிலேயே இதையும் முடித்துவிடலாம்.

வாரக்கணக்கில் எதிலும் மனம் பற்றாமை, காரணமின்றிக் கண்ணீர், பிள்ளையோடு தானும் இல்லாமற்போனால் நலமே என்ற எண்ணம், இவை சோம்பலும் அல்ல, பாவமும் அல்ல. மருத்துவம் வேண்டும் நிலை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவிலும் பகலிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இக்கடைசி எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே பேச வேண்டும்.

புலம் பெயர்ந்தோர் அறிய வேண்டியவை இன்னும் சில. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்தில் பெற்ற சான்று நாடெங்கும் செல்லும். மத்திய அரசுப் பணியிலுள்ள தாய்மாருக்கு 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. மாற்றுத்திறன் குழந்தையாயின் வயது வரம்பு இல்லை. துணையின்றிப் பிரயாணம் செய்ய இயலாத பிள்ளைக்கு இரயில் கட்டணத்தில் கிடைக்கும் சலுகை உடன்செல்பவருக்கும் உண்டு. இவை பிள்ளைக்கான சலுகைகள் என்று எண்ணி நாம் கேளாமல் விட்டுவிடுகிறோம். ஊருக்குப் போய் நான்கு நாள் பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிட்டு உறங்கிவர உதவுவதால், இவை நம் ஆரோக்கியத்திற்கானவையும்தான்.

எங்கள் வீட்டில் இப்போது நான்காவது கோப்பு ஒன்று இருக்கிறது. அதில் எங்கள் இருவரின் சீட்டுகள் உள்ளன. கடைசியாக அளந்தபோது 134-க்கு 86. மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அடுத்த பரிசோதனை வரும் புதன்கிழமை மாலை. காகூ நான்கு மணிக்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.