ஓர் ஏரிக்கரையும் ஒரு மரபணுவும்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஹண்டிங்டன் நோயைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். 1872இல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் இதை விவரித்து எழுதினார். பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதில் கை கால்கள் தாமாக ஆடத் தொடங்கும். பிறகு பேச்சும் சிந்தனையும் தளரும். அதற்குள் பிள்ளைகள் பிறந்திருப்பார்கள். அதுதான் கொடுமை.

நம்ம பக்கம் பரம்பரை நோய்ன்னாலே, "சொந்தத்துல கட்டினதால வந்தது"ன்னு சொல்லிடுவாங்க. இந்த நோய்க்கு அது பொருந்தாது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே போதும். ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

வெனிசுலாவில் மரக்காய்போ ஏரிக்கரை மீனவர் குடும்பங்கள் பலவற்றில் இந்நோய் உண்டு. நான்சி வெக்ஸ்லர் குழுவினர் அங்கே ஆண்டுதோறும் போய், பத்துத் தலைமுறை, 18,000 பேருக்கு மேற்பட்டோரின் வம்சாவளியைத் தொகுத்தார்கள். அம்மக்கள் கொடுத்த ரத்தத்தின் துணையால், 1983இல் கோளாறு நான்காம் குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. 1993இல் மரபணுவே கிடைத்தது. அதில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். 26 முறை வரை இயல்பு. 36 முதல் 39 வரை என்றால் சிலருக்கு நோய் வரும், சிலருக்கு வராது. 40ஐத் தொட்டால், ஆயுள் இருந்தால், வந்தே தீரும்.

ஐரோப்பிய வழியினரில் லட்சத்துக்குப் பத்துப் பேர் அளவில் இந்நோய். ஜப்பானிலோ லட்சத்துக்கு ஒருவருக்கும் குறைவு. ஏன்? ஐரோப்பியரில் நோயில்லாதவர்களிடமே இந்தச் சரம் சராசரியில் சற்று நீளம். நீண்ட சரம்தான் அடுத்த தலைமுறையில் மேலும் நீளும். மரக்காய்போவின் கதை வேறு. சிறு கூட்டத்தில் நுழைந்த ஒரு பிழை, பெரிய குடும்பங்கள் வழியே பெருகிவிட்டது.

இன்று ரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். ஆனால் நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அதனால், வாய்ப்புள்ளவர்களில் பெரும்பாலோர் பரிசோதித்துக்கொள்வதில்லை. வெக்ஸ்லரின் தாயும் இந்நோயால் இறந்தவர். தமக்கும் அது இருப்பதை வெக்ஸ்லர் 2020இல்தான் வெளியே சொன்னார்.

இளம் நண்பர்களே, நாளைக்கு நீங்க ஆய்வுக்கூடத்தில் உட்காரும்போது இதை நினைச்சுக்கோங்க. அறிக்கையில் நாம் எழுதும் ஓர் எண், ஒரு மனிதரின் கல்யாணம், பிள்ளை, தூக்கம் எல்லாம். தெரிந்துகொள்வதும் தெரியாமல் இருப்பதும் அவர் உரிமை. ரத்தம் கொடுத்த அந்த ஏழை மீனவர்களுக்கும் நாளைய மருந்து போய்ச் சேரணும். அதுவரை அறிவியல் அவர்களுக்குக் கடன்பட்டதுதான்.