ஒரு வீடு, ஒரு பந்தி
(காஞ்சிபுரத்தில் வியாபாரிகள், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சென்னையில் கல்லூரியில் சேர்ந்த நம் பிள்ளை ஒருவனுக்கு அறை தேடி நானும் போனேன். மூன்று வீடுகள். வாடகை பேசி முடித்த பிறகு பெயர் கேட்டார்கள். பெயரைச் சொன்னதும், "சொந்தக்காரர் வரப்போகிறார்" என்றார்கள். திரும்பும்போது பையனின் தகப்பனார், "ஹஜ்ரத், நமக்கென்று ஒரு விடுதி கட்டிவிடுவோம்" என்றார்.

அவர் வேதனை நியாயம். யோசனையில்தான் எனக்குச் சம்மதமில்லை. அதே தெருவில் தலித் மாணவனும் மணிப்பூர் மாணவனும் அறை கிடைக்காமல் அலைகிறார்களே! நாம் ஒதுங்கிக்கொண்டால், கதவைச் சாத்தியவருக்குத்தான் வசதி.

மாணவர் விடுதியில் தனிப்பந்தி போட்டால் என்னவாகும்? சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சோறு போட்டார்கள். நாடே கொந்தளித்தது. அந்தச் சூடு ஆறுமுன், 1925 நவம்பரில் இதே காஞ்சியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில், வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடமில்லை என்றதும் பெரியார் வெளியேறினார்.

சேர்ந்து வாழ வழி உண்டா? உண்டு. 1933-ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில், பொருளாதார மந்தத்தில் வாடகை கொடுக்க முடியாத 14 மாணவர்கள் கூடி ஒரு கூட்டுறவு வீடு தொடங்கினார்கள். சமையல், துடைப்பம், கணக்கு எல்லாம் அவர்களே. இன்று அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், பல இனத்தவர், வாரம் சில மணி நேரம் வேலை செய்து குறைந்த செலவில் தங்குகிறார்கள்.

கூட்டுறவு நமக்குப் புதிதா? நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவானது இந்த ஊரில்தான்! பட்டு நெசவாளர் சங்கங்களைத் தினமும் பார்க்கிறீர்கள்.

"வட்டி வருமே" என்பீர்கள். இது கடன் சங்கமல்ல. பங்குத்தொகை போட்டு வீடு பிடிப்பது, செலவைப் பகிர்வது. வட்டிக்கு இதில் வேலையில்லை. ஆனால் ஒன்று: பத்துப் பங்கு போட்டவருக்கும் ஒரே ஓட்டுதான். வாசலில் நன்கொடையாளர் கல்வெட்டும் கிடையாது. (சிலர் முகம் வாடுவது தெரிகிறது!)

அடுப்படியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கறி சமைக்கும் நாளில் ஹலால் கறி. கறி உண்ணாத பிள்ளைக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. உட்கார்ந்து சாப்பிடுவது மட்டும் ஒரே பந்தியில். தொழுகைக்கு ஓர் அறை. அடுத்த அறையில் மற்றவர் விளக்கேற்றினால் நமக்கென்ன?

முதலில் ஒரு வாடகை வீடு, பத்துப் பிள்ளைகள். அதில் நம்மவர் பாதிக்கு மேல் வேண்டாம். முன்பணத்துக்குப் பங்கு எடுப்பவர்கள் இஷாவுக்குப் பின் பெயர் கொடுங்கள். நெசவாளர் சங்கத்தில் கணக்கெழுதிய பெரியவர் ஒருவரையும் அழைத்து வாருங்கள்; அவரிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.