சிகிச்சைக்கு முன்னால் கேளுங்கள்

(மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான விழிப்புணர்வுக் கூட்டத்தில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை, தடுப்பூசி பற்றியெல்லாம் நிறைய கேட்டிருப்பீர்கள். அதிகம் பேசப்படாத ஒன்றைப் பற்றி இன்றைக்குப் பேசுகிறேன். இந்த நோய் வந்த பெண்ணுக்குக் குழந்தை பிறக்குமா?

இதைக் கேட்கவே நம்ம பெண்கள் கூச்சப்படுறாங்க. "உயிர் பிழைச்சா போதாதா, இப்ப போய் பிள்ளையைப் பத்திப் பேசலாமா?" என்று வீட்டில் ஒருவர் சொன்னால் போதும், அப்புறம் அவள் வாயே திறப்பதில்லை. பயாப்ஸி ரிசல்ட் வந்ததும் கணவரும் மாமியாரும் டாக்டர் அறைக்குள் போகிறார்கள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு வயது 28, இன்னும் குழந்தை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் கேட்க வேண்டியதை யார் கேட்பார்கள்?

குழந்தை பெறுவதற்கான வழிகள் பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்னால்தான் இருக்கின்றன. கருப்பையை எடுத்த பிறகோ, கதிர்வீச்சு கொடுத்த பிறகோ கேட்டால் பல கதவுகள் மூடியிருக்கும். அதனால்தான் முன்னாலேயே கேளுங்கள் என்கிறேன்.

எல்லாம் புற்றுநோய் அல்ல

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துவிட்டு 'பாசிட்டிவ்' என்று சொன்னாலே பலர் புற்றுநோய் என்று பயந்துவிடுகிறார்கள். இந்த நோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ். அது உடம்பில் பல ஆண்டுகள் நீடித்தால் கருப்பை வாயில் சில மாற்றங்கள் வரும். அந்தக் கட்டத்திலேயே கண்டுபிடித்தால், மாறிய பகுதியைச் சூட்டினால் அழிக்கலாம், அல்லது 'லீப்' என்ற சிறு சிகிச்சையால் நீக்கலாம். கருப்பை அப்படியே இருக்கும். பிறகு கருத்தரிக்கவும் முடியும். ஆழமாக வெட்டியிருந்தால் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு சற்றுக் கூடும். அதனால் கர்ப்பமானதும் அந்தப் பழைய சிகிச்சைச் சீட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்தக் கட்டத்தில், குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்ணிடம் யாராவது "எதுக்கு வம்பு, கர்ப்பப்பையையே எடுத்துடலாம்" என்று சொன்னால், கையெழுத்துப் போடும் முன் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

தொடக்க நிலையில் என்றால்

நோய் மிகச் சிறிய அளவில் மட்டுமே இருந்தால், கூம்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுப்பதே சிலருக்குப் போதுமான சிகிச்சையாகிவிடும். வெட்டிய ஓரத்தில் நோய் இல்லை என்று பரிசோதனையில் உறுதியாக வேண்டும்.

அதைவிடச் சற்றுப் பெரிதாக, ஆனால் 2 சென்டிமீட்டருக்குள் கட்டி இருந்து, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாமல் இருந்தால் இன்னொரு அறுவை சிகிச்சை இருக்கிறது. கருப்பை வாயையும் அதைச் சுற்றியுள்ள திசுவையும் மட்டும் எடுத்துவிட்டு, கருப்பையை யோனியோடு இணைத்துத் தைப்பார்கள். இதற்கு 'ட்ராக்கெலெக்டமி' என்று பெயர். பிரான்சின் லியோன் நகர மருத்துவர் டேனியல் டார்ஜான் 1994-இல் இதை மருத்துவ உலகுக்கு அறிவித்தார். அதுவரை இப்படிப்பட்ட பெண்களுக்குக் கருப்பையை முழுதாக எடுப்பதுதான் வழக்கம். இந்தச் சிகிச்சைக்குப் பின் குழந்தை பெற்றவர்கள் பலர். ஆனால் கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு அதிகம். பிரசவம் சிசேரியன்தான். எல்லா மருத்துவமனையிலும் செய்ய மாட்டார்கள்; பயிற்சி பெற்ற புற்றுநோய் அறுவை சிகிச்சை நிபுணர் வேண்டும்.

கட்டி பெரிதாக இருந்தால்

அப்போது கதிர்வீச்சும் கீமோதெரபியும் சேர்த்துத் தருவார்கள். நம்ம ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்கிறோமே, அதுதான். நோயைக் குணப்படுத்தும் அதே கதிர்வீச்சு சினைப்பையின் வேலையை நிறுத்திவிடும். கருப்பையும் குழந்தையைச் சுமக்கும் தன்மையை இழந்துவிடும்.

சிகிச்சைக்கு முன் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சினைப்பைகளை லேப்ராஸ்கோப்பி மூலம் கதிர் படாத மேல்பகுதிக்கு நகர்த்தி வைப்பது. எல்லோருக்கும் இது பலன் தரும் என்று சொல்ல முடியாது. பலன் தந்தால், சிறு வயதிலேயே மாதவிடாய் நின்றுபோவதும் தவிர்க்கப்படும். இன்னொன்று, கருமுட்டைகளையோ, கணவரின் விந்தணுவோடு சேர்த்து உருவாக்கிய கருவையோ உறைய வைப்பது. ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து எடுக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அவ்வளவு நாள் பொறுக்கலாமா என்பதைப் புற்றுநோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பொறுக்கக் கூடாது என்று அவர் சொன்னால், சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். உயிர் முதலில்.

சட்டம் தரும் வழி

கருப்பை இல்லாத பெண்ணுக்கும் தாயாகும் வழி இருக்கிறது. வாடகைத் தாய் முறையை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021-இல் இயற்றப்பட்டது. புற்றுநோயால் கருப்பை அகற்றப்பட்டிருப்பதை ஒரு மருத்துவக் காரணமாக அதன் விதிகள் ஏற்கின்றன. மனைவிக்கு 23 முதல் 50 வயதும், கணவருக்கு 26 முதல் 55 வயதும் இருக்க வேண்டும். மாவட்ட மருத்துவக் குழுவின் சான்றும் நீதிமன்ற ஆணையும் தேவை. பணம் கொடுத்து வாடகைத் தாய் அமர்த்துவது குற்றம். மருத்துவச் செலவையும் காப்பீட்டையும் ஏற்பது மட்டுமே அனுமதி. "ஏற்பாடு பண்ணித் தர்றோம்" என்று வரும் தரகர்களிடம் ஏமாந்துவிடாதீர்கள்.

தத்தெடுப்பதும் ஒரு நல்ல வழி. மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழிகாட்டும். தனித்து வாழும் பெண்ணும் தத்தெடுக்கலாம். உயிருக்கு ஆபத்தான நோய் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் சிகிச்சை முடிந்து நோய் கட்டுக்குள் இருப்பதற்கான மருத்துவச் சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கையில் எடுத்துச் செல்லுங்கள்

மருத்துவரிடம் போகும்போது இந்த நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்:

1. எனக்கு நோய் எந்த நிலையில் இருக்கிறது? கட்டி எவ்வளவு பெரியது?
2. கருப்பையைக் காப்பாற்றும் சிகிச்சை எனக்குப் பொருந்துமா?
3. பொருந்தாது என்றால், சினைப்பையையோ முட்டையையோ காப்பாற்ற நேரம் இருக்கிறதா?
4. எவ்வளவு காலம் கழித்துக் கருத்தரிக்கலாம்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் புற்றுநோய் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோதெரபி ஆகியவற்றுக்குப் பயன்படுத்தலாம். கருமுட்டை சேமிப்புக்கான செலவை மட்டும் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-ஐ அழையுங்கள். 30 வயது கடந்தவர்கள் அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ, அவ்வளவுக்கு வழிகள் அதிகம்.

உங்கள் குழுவில் யாருக்காவது இந்த நோய் என்று தெரிந்தால், துணைக்குப் போங்கள். "அவங்களையும் உள்ளே கூப்பிடுங்க டாக்டர்" என்று சொல்லுங்கள். குழந்தை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முடிவு செய்ய வேண்டியவள் அவள்தான்.