கிழமையில் ஒரு மணித்தியாலம்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடல் பாசிக்குடாவில் நடைபெற்றபோது, பழைய மாணவியான வைத்தியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா தொலைபேசியில் கதைக்கும்போது, "நீங்க டொக்டர்தானே, நீரிழிவைப் பற்றி ஒரு இருபது நிமிசம் பேசுங்களன்" என்றார். என்ன நேரம் என்று கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் என்றார். வட்டிலப்பத்துக்கு முன்னால் நின்று சீனியைப் பற்றிப் பேசி, நூறு வருடச் சங்கத்தில் ஒரே நாளில் பகை தேடிக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆகவே நோயைப் பற்றியல்ல, என் கிழமையில் ஒரு மணித்தியாலத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன்.

எங்கள் பாடசாலையின் மேல்மாடிக் கடைசி அறை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதுதான் சங்கீத அறை. பாய், ஒரு சுருதிப் பெட்டி, கால் ஆடுகிற ஒரு மேசை. நான் படித்தது தொண்ணூறுகளில். வெளியில் என்ன நடந்தது என்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த அறைக்குள் போய்ச் சுருதிப் பெட்டியின் துருத்தியை டீச்சர் அசைத்தால், நாற்பது நிமிடத்துக்கு வேறு சத்தம் காதில் விழாது. சாதாரண தரத்தில் சங்கீதத்துக்கு 'டி' எடுத்தேன். உயர்தரத்துக்குப் 'பயோ' என்று முடிவானதும் சுருதி, தாளம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்தாயிற்று. சொல்லப் போனபோது டீச்சர் கோபிக்கவில்லை. "பாடாட்டிப் பரவாயில்ல. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் சும்மா இருந்து கேள்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். டியூட்டரி, பல்கலைக்கழகம், உள்ளகப் பயிற்சி, கல்யாணம், பிள்ளை என்று இருபது வருடத்துக்கு மேல் போய்விட்டது. ஒரு கிழமைகூடக் கேட்கவில்லை.

அந்தச் சொல்லை எனக்கு நினைவூட்டியவர் ஒரு நோயாளி. அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். அறுபது தாண்டிய அம்மா. வாவிக்கரை ஊரொன்றில் பிறந்து, இந்தப் பக்கம் மகனோடு வந்து குடியிருந்தவர். நான் அப்போது வேலை செய்த ஓர் அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்து, "டொக்டர் புள்ள, காதுக்குள்ள ஊரி குளறுது" என்றார். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. காது இரைச்சல் என்று எழுதி, விற்றமின் குளிசையும் எழுதிக் கொடுத்தேன். திரும்பவும் வந்தார், அதே சொல். காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினேன். வயதுக்குரிய கேட்டல் குறைவு, வேறொன்றுமில்லை என்று பதில் வந்தது. மூன்றாம் முறையும் வந்தார். "அம்மா, இது வயசுக்கு வாறது, பயப்பட ஒண்டுமில்ல" என்று நான் பாதியில் மறித்துச் சொன்னேன். அவர் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே, "நீங்க நல்ல புள்ள. ஆனா கேக்கிறீங்க இல்ல" என்றார்.

காது கேட்கவில்லை என்று சொல்லி வந்தவர் அவர். கேட்கவில்லை என்ற தீர்ப்பு எனக்கு.

1984 இல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் வைத்தியர்களின் அறைகளில் ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். நோயாளி தன் முறைப்பாட்டைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடியில் வைத்தியர் இடைமறிக்கிறார் என்று கண்டார்கள். மாணவியாக இதைப் படித்துச் சிரித்திருக்கிறேன். அன்றிரவு கணக்குப் பார்த்தேன். என்னுடையது 18 கூட வராது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சி.ஆர். கொப்பி வாங்கினேன். மூன்று விதி வைத்துக்கொண்டேன். மாலை ஐந்து முதல் ஆறு வரை ஏதாவது ஓர் இசையை வேறு வேலை செய்யாமல் கேட்பது. அதிலிருந்து தோன்றிய ஒரு யோசனையை எழுதுவது. அந்தக் கிழமையில் நான் யாருக்குக் காது கொடுக்கவில்லை என்பதையும் எழுதுவது. மூன்றாவதுதான் கஷ்டம். முதலிரண்டுக்கும் அரைப் பக்கம் போதும், இதற்குச் சில கிழமை இரண்டு பக்கம்.

கொப்பியில் இருந்து கொஞ்சம் வாசிக்கிறேன். முதல் கிழமை: "வீணை. கைபேசியை நான்கு தரம் எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பத்து நிமிடம் நித்திரை." ஆறாவது கிழமை: "மகனின் பாட்டு. 'அம்மா, இது உங்களுக்கு விளங்காது' என்றான். மூன்று தரம் கேட்டேன். விளங்கவில்லை. ஆனால் அவன் பக்கத்தில் வந்து இருந்தான்." இந்த இடத்தில் ஒரு வைத்தியராகச் சொல்லாமல் போக முடியாது: பிள்ளைகளின் காதில் செருகியிருக்கும் கருவிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவு வைத்திருக்கிறது. 80 டெசிபல் ஒலியென்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம். ஒலி கூடக் கூட நேரம் விறுவிறென்று குறையும். சரி, அதை விடுவோம்.

என்னை மாற்றிய பக்கம் ஒரு வைகாசியில் எழுதியது. கண்ணகை அம்மன் கோயிலில் கைபேசியில் பதிந்து வந்த குளிர்த்திப் பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் அம்மம்மாவின் மடியில் இருந்து கேட்ட பாட்டு. மதுரையை எரித்தவளின் கோபம் ஆறுவதற்காகப் பாடுவது என்று எல்லோருக்கும் தெரியும். அன்று எனக்குப் பட்டது அதன் ஒழுங்கு. குளிர்த்தி முதல் நாளில் வருவதில்லை. கதவு திறந்து, நாட்கணக்கில் கண்ணகி வழக்குரை பாடி, அவளுக்கு நடந்ததெல்லாம் ஒன்றும் விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் குளிர்த்தி. 'கோபப்படாதே தாயே' என்று யாரும் தொடக்கத்தில் சொல்வதில்லை. முதலில் வழக்கு. பிறகுதான் குளிர்ச்சி. நானோ சீட்டில் குளிர்த்தியை எழுதிக் கொடுத்துவிட்டு, வழக்கைக் கேளாமல் ஆளை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். நம்மூர்க் கோயிலில் வருடா வருடம் நின்றும் இது தெரியாமல் இருந்ததே என்று வெட்கமாக இருந்தது.

படிப்பு ஒருபக்கம், இசை ஒருபக்கம் என்று பதினாறு வயதில் நான் ஏன் பிரித்தேன் என்ற கேள்வியும் கொப்பியில் அடிக்கடி வருகிறது. எங்கள் மண்ணிலேயே அதற்கு மறுமொழி இருந்தது. 1892 இல் காரைதீவில் மயில்வாகனமாகப் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. விஞ்ஞானம் படிப்பித்தவர். அந்த விஞ்ஞானத்தை வெளியே விட்டுவிட்டு அவர் தமிழுக்குள் வரவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை முன்னால் வைத்து, சுருதிகளின் இடைவெளிகளைக் கணிதத்தால் அளந்து, வழக்கொழிந்து போன யாழ்களை மீட்டெடுத்தார். யாழ் நூல் 1947 ஜூனில் தமிழ்நாட்டில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே, ஜூலை 19 இல், அவர் மறைந்தார். உடல் நலம் கெட்டிருந்த காலத்திலும் அந்த வேலையை விடவில்லை. கல்லடி உப்போடையில் அவருடைய சமாதியைக் கடந்து எத்தனையோ தரம் பஸ்ஸில் டியூட்டரிக்குப் போயிருக்கிறேன், மடியில் இரசாயனவியல் புத்தகத்தோடு.

வாவியில் இரவில் எழும் இசையைக் கேட்டு அவர் 'நீரரமகளிர்' பற்றிப் பாடினார். அந்த ஒலியைப் பற்றித் தேடியபோதுதான் என் நோயாளி சொன்ன சொல் எவ்வளவு பழையது என்று தெரிந்தது. 1848 இல் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி மட்டக்களப்பு வாவியில் இரவு வள்ளத்தில் போய் அதைக் கேட்டு, 1859 இல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்தால் வரும் மெல்லிய ஓசை போல என்கிறார். வள்ளத்தின் மரத்தில் காதை வைத்தபோது ஓசை பெருகியது என்கிறார். ஊர் மக்கள் அதற்குச் சொன்ன பெயரையும் தன் காதில் விழுந்தபடி எழுதி, அழுகிற சிப்பி என்று பொருளும் கொடுத்திருக்கிறார். அந்த எழுத்துகளை நம் வாயால் சொல்லிப் பாருங்கள், ஊரி குளறுது என்றுதான் வரும்.

மீன் பாடும் தேனாடு என்று இன்று நாங்கள் பெருமையாகச் சொல்கிறோம். நல்ல பெயர்தான். ஆனால் தோணியில் இரவு முழுக்கக் கிடந்த பழைய ஆட்களின் காதில் விழுந்தது பாட்டல்ல, குளறல். எந்த உயிரின் சத்தம் என்று இன்னும் முடிவாகவில்லை. ஊரியா, மீனா தெரியாது. பாட்டா, அழுகையா என்பது கேட்கிறவரின் நிலையைப் பொறுத்தது போலும்.

கேட்கும் முறைதான் எனக்கு ஆச்சரியம். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு, மறுநுனியில் காதை வைப்பார்கள். என் கழுத்தில் தொங்குகிற ஸ்டெதஸ்கோப்பின் கதையும் இதேதான். 1816 இல் பாரிஸில் லெனெக் என்ற வைத்தியருக்கு ஓர் இளம் பெண்ணின் நெஞ்சில் நேரே காதை வைக்கச் சங்கடம். மரக்கட்டையின் ஒரு நுனியில் ஊசியால் கீறினால் மறுநுனியில் தெளிவாகக் கேட்கும் என்பது அவருக்கு நினைவு வந்தது. கடதாசியைச் சுருட்டிக் குழலாக்கி வைத்துக் கேட்டார். பிறகு மரத்திலேயே கடைந்து செய்தார். அவர் புல்லாங்குழல் வாசிக்கத் தெரிந்தவர். நம் மீனவருக்கு இந்தச் சூத்திரம் தெரிந்திருந்தது, காப்புரிமை மட்டும் எடுக்கவில்லை.

அந்த அம்மாவை நான் தேடிப் போகவில்லை; அந்தத் துணிவு வரவில்லை. நல்ல காலம், பிறகொரு நாள் இரத்த அழுத்தத்துக்குக் கிளினிக்குக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டேன். கழுத்திலும் காதின் பின்புறத்திலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். சில வகை இரைச்சல் இரத்தக் குழாயிலிருந்து வரும், அது வெளியேயும் கேட்கும். அப்படி ஒன்றுமில்லை. பிறகு, "அம்மா, எப்ப குளறுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் எடுத்தது. மகன் கட்டாருக்குப் போய்விட்டார். மருமகளும் பேரப்பிள்ளையும் அவளுடைய தாய்வீட்டில். இரவில் தனி. முன்பெல்லாம் பேரன் தொலைக்காட்சியைச் சத்தமாகப் போடுவான், இவர் ஏசுவார். இப்போது ஏச ஆளில்லை. விளக்கை அணைத்ததும் தொடங்கும். அதற்குப் பிறகு அவர் சொன்னதை இங்கே சொல்ல எனக்கு உரிமையில்லை. 2004 மார்கழியைத் தாண்டி வாழ்ந்த ஒரு கரையோரத் தாயின் கதை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காதின் நரம்பு தளரும்போது இல்லாத ஒலியை மூளை தானாக நிரப்பும். சுற்றிலும் அமைதி கூடினால் அது பெரிதாகக் கேட்கும். நித்திரைக்குப் போகும்போது வானொலியை மிக மெல்லிதாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்கக்கூடிய வைத்தியம், காசில்லாத வைத்தியம். இரைச்சல் நிற்கவில்லை. நித்திரை வருகிறது என்கிறார். மகன் இரவு ஒன்பதுக்குத் தொலைபேசி எடுக்கிறார், அது என் வைத்தியமல்ல.

இப்போது என் ஞாயிறு ஐந்து மணி பெரும்பாலும் இந்தக் கரையில்தான். பாசிக்குடாவின் தண்ணீரில் முழங்காலளவில் வெகுதூரம் நடக்கலாம். ஹோட்டல்களின் ஒலிபெருக்கி காதுக்கு எட்டாத இடம் வரைக்கும் நடந்தால் போதும். அன்று கேட்டதை மனதுக்குள் ஓடவிட்டுத் திரும்பி வருவேன். சில நாட்களில் வாய்விட்டுப் பாடியும் விடுகிறேன். 'டி' எடுத்த குரல் இல்லை, சுருதி நழுவுகிறது. நண்டுகள் முறைப்பாடு செய்வதில்லை.

போன மாதம் அந்த அம்மா கேட்டார்: "டொக்டர் புள்ள, நீங்க வாவியில மெய்யா ஊரி குளறிக் கேட்டிரிக்கீங்களா?" இல்லை என்றேன். மட்டக்களப்பில் பிறந்த பிள்ளை கேட்கவில்லையா என்று பொக்கை வாயால் சிரித்தார். அவருடைய தம்பிக்குத் தோணி இருக்கிறதாம். காற்றில்லாத பௌர்ணமி இரவாக இருக்க வேண்டும், கல்லடிப் பாலத்தடியில் ஒருவரும் கதைக்கக் கூடாது, துடுப்பை எப்படிப் பிடிப்பது என்று தான் காட்டித் தருவதாகச் சொன்னார். வருகிற பௌர்ணமிக்குப் பேசியாயிற்று. தோணியில் இன்னும் இரண்டு பேருக்கு இடமிருக்கிறது. சங்கீத டீச்சர் முன்வரிசையில் இருக்கிறா, அவவை முதலில் கேட்டுவிட்டேன். வருவதாகச் சொல்லியிருக்கிறா. மிச்சம் ஓர் இடம். சாப்பாடு முடிந்ததும் பெயரைச் சொல்லுங்கள்.