இறக்கிக் கட்டின மேடை: ரெகுலேட்டர் இடிக்குது!

இந்த எபிசோட் செஞ்சியில இருந்து. 2025-ல யுனெஸ்கோ லிஸ்ட்ல ஏறுச்சே, அதே செஞ்சி. ஆனா கோட்டைப் பக்கம் போகல, எங்க வீட்டு கிச்சனுக்குப் போறோம்.

பழைய கிச்சனை இடிச்சுக் கட்டலாம்னு முடிவானதும் அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: அடுப்பு மேடையோட சமமா இருக்கணும். மேடை 34 இன்ச். அது மேல அடுப்பு 6 இன்ச். அதுக்கும் மேல இட்லிக் குண்டான். அம்மா அஞ்சடிதான். மூடியைத் திறந்தா ஆவி நேரா முகத்துக்கு வருது.

இதுக்கு ரெண்டு வழி இருக்கு. கிரானைட்டை வெட்டி ஹாப் பதிக்கலாம். யூடியூப் கிச்சன்ல எல்லாம் அதுதான், பாக்க அழகா இருக்கும். ஆனா ஒவ்வொரு மாடலுக்கும் வெட்டு அளவு வேற. நாளைக்கு வேற ஹாப் வாங்கினா ஓட்டை பொருந்தாது. கல்லுல ஹார்டுகோட் பண்ற மாதிரி! இன்னொரு வழி, நம்ம கொத்தனார்கள் ரொம்ப நாளா செய்யுறது: அடுப்பு உட்கார்ற இடத்துல மட்டும் மேடையை 6 இன்ச் இறக்கிக் கட்டுறது. சாதாரண அடுப்பே போதும். எங்க ஊருக்கு இதுதான் சரின்னு நான் நினைக்கிறேன். ரிப்பேர்னா பக்கத்துத் தெருவுலயே ஆள் கிடைப்பாங்க.

சிக்கல் வந்தது மேடைக்குக் கீழ. 28 இன்ச்ல பலகைக் கல், அதுல கடப்பாவும் கிரானைட்டும் சேர்ந்து ரெண்டரை இன்ச் போயிடுச்சு. மிச்சம் இருபத்தஞ்சரை. நம்ம 14.2 கிலோ சிலிண்டர் உயரமே கிட்டத்தட்ட 25 இன்ச். சிலிண்டர் உள்ள போகும், ரெகுலேட்டர் மாட்ட முடியாது! சாய்ச்சு வைக்கலாமேன்னு ஒருத்தர் ஐடியா கொடுத்தாரு. தயவுசெஞ்சு வேண்டாம், சிலிண்டர் எப்பவும் நிமிர்ந்துதான் நிக்கணும். அதனால அதைப் பக்கத்துல, இறக்காத மேடைக்குக் கீழ மாத்தினோம். இறக்கின பிறகும் அடுப்பு சிலிண்டரைவிட உயரத்துலதான் இருக்கு, அதுவும் முக்கியம்.

அடுத்து கார்பென்டர் அண்ணனோட பஞ்சாயத்து. அவருக்கு எல்லாம் இடைவெளி இல்லாம, வழவழன்னு மூடின கதவா வேணும். எல்பிஜி காத்தைவிட கனம். கசிஞ்சா மேல போகாது, தரையோட தங்கும். அதனால சிலிண்டர் கதவுல, தரையை ஒட்டி காத்துப் போக வழி கேட்டேன். “தம்பி, கரப்பான் வருமே”ன்னாரு. நியாயமான கேள்விதான். வலை அடிச்சுட்டோம்.

அடுப்போட ரெண்டு பக்கமும் 2 இன்ச் விட்டதும் அவருக்குப் பிடிக்கல. ஆனா பால் பொங்கினா எங்க போகும்? அந்தப் பள்ளத்துக்குள்ளதான். துணியோட கை நுழையணும். பர்னருக்கும் காத்து வேணும், நெருக்கி அடைச்சா தீ மஞ்சளாகி பாத்திரம் கரியாகும்.

நீங்க செய்யுறதா இருந்தா, கல்லுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்னாடி அடுப்பையும் ரெகுலேட்டர் மாட்டின சிலிண்டரையும் பக்கத்துல நிறுத்தி டேப் பிடிங்க. டியூபை சுவத்துக்குள்ள வெச்சுப் பூசிடாதீங்க. அது கண்ணுக்குத் தெரியணும், மேல அச்சடிச்ச தேதியைப் படிக்க முடியணும். அடுத்த எபிசோட்ல சிங்க்.