மைதானத்துக்குப் போவதா, வேண்டாமா?

(நம் குடியிருப்பின் 'ஞாயிறு மாலைப் பேச்சு' நிகழ்ச்சியில், சி பிளாக்கில் வசிக்கும் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

ஞாயிற்றுக்கிழமை காபி நேரத்தில் இத்தனை பேர் கீழே இறங்கி வந்திருப்பதற்கு நன்றி. முன்வரிசையில் சிவப்பும் நீலமுமாக ஜெர்சி போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனி நன்றி. ராத்திரி பதினொன்றரைக்கு கிளப் ஹவுஸிலிருந்து 'கோல்' என்று கத்தி, மறுநாள் காலை வாட்ஸாப் குரூப்பில் நமக்கெல்லாம் வேலை வைப்பவர்கள் இவர்கள்தான்.

அவர்களில் ஒருவன் போன மாதம் லிஃப்டில் என்னிடம் கேட்டான்: "அங்கிள், கிளப் ஓனர் பணத்தையெல்லாம் எடுத்துக்கிட்டா, ஃபேன்ஸ் மேட்சுக்குப் போகலாமா, கூடாதா?" மூன்றாவது மாடியிலிருந்து தரைத்தளம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் இன்று கமிட்டியிடம் நாற்பது நிமிடம் கேட்டு வாங்கினேன்.

என் மனைவியின் வேலை காரணமாக 2013 முதல் 2019 வரை நாங்கள் இங்கிலாந்தில் பிளாக்பூல் என்ற ஊரில் இருந்தோம். வடமேற்குக் கடற்கரை ஊர். ஐஃபல் கோபுரத்தைப் பார்த்து 1894-ல் கட்டிய ஒரு கோபுரம், கடலோரமாக ஓடும் டிராம், எலும்பு வரை குத்தும் காற்று, இவைதான் ஊரின் அடையாளங்கள். அதோடு ஒரு கால்பந்து கிளப். கமலா ஆரஞ்சு நிறச் சட்டை. 1953-ல் ஸ்டான்லி மேத்யூஸ் ஆடி, போல்டனை 4-3 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையை வாங்கிய கிளப் அது.

எங்கள் பக்கத்து வீட்டில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். என் பிள்ளைகள் அவரைத் 'தாத்தா' என்றே கூப்பிடுவார்கள். அவருக்கும் அந்தச் சொல் பழகிவிட்டது. சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனவர், பிறகு மகனோடு போனார், அதன்பின் பேரனோடு. நாற்பது வருடமாக ஒரே வரிசை, ஒரே இருக்கை, பக்கத்து இருக்கையில் அதே நண்பர்.

அந்த மனிதர் 2015-ல் மைதானத்துக்குப் போவதை நிறுத்தினார். ஏன் என்று புரிய, கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். நான் கணக்குப் பார்க்கிற தொழிலில் இருந்தவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கால்பந்து கிளப்புக்கு மூன்று வழியில் வரவு. ஒன்று, டிவி ஒளிபரப்பு உரிமை. இரண்டு, ஸ்பான்சர், விளம்பரம், ஜெர்சி விற்பனை. மூன்று, மேட்ச் நாளில் டிக்கெட், சாப்பாடு என்று கிடைக்கிற வசூல். பிரீமியர் லீகில் இந்த மூன்றாவது வரவு மொத்தத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். கீழே இறங்க இறங்க டிவி பணம் சுருங்கிவிடும். அங்கே வாசலில் கிழிக்கிற டிக்கெட்டுக்கு மதிப்பு அதிகம்.

செலவு என்று பார்த்தால் ஆட்டக்காரர்களின் சம்பளம்தான் பெரிது. இரண்டாம் டிவிஷனில் மொத்த வரவையும் தாண்டிச் சம்பளம் கொடுக்கிற கிளப்புகள் பல. அந்தப் பள்ளத்தை முதலாளி தன் கைப்பணம் போட்டு நிரப்புவார். அவர் கை ஓயும்போது கிளப் தடுமாறும். பொதுவாகக் கால்பந்தில் கேட்கிற கதை இதுதான்.

பிளாக்பூலில் பணம் எதிர்த்திசையில் போனது.

2010 மே மாதம் வெம்ப்ளியில் கார்டிஃப் அணியை 3-2 என்று வென்று பிளாக்பூல் பிரீமியர் லீகுக்குள் நுழைந்தது. அந்த ஒரு வெற்றி 9 கோடி பவுண்டு பெறும் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரே சீசனில் கடைசி நாளன்று ஓல்ட் டிராஃபோர்டில் தோற்று மீண்டும் கீழே இறங்கினார்கள். அதில் வெட்கமில்லை, சின்ன ஊர், நன்றாகவே ஆடினார்கள். பிரச்சினை அதற்குப் பிறகு வெளிவந்த கணக்கில் இருந்தது. அந்த ஒரு வருடத்தில் மட்டும், இயக்குநர் ஊதியம் என்ற தலைப்பில், உரிமையாளர் ஓவன் ஆய்ஸ்டனின் இன்னொரு நிறுவனத்துக்கு 1 கோடியே 10 லட்சம் பவுண்டு போயிருந்தது. ஒளித்து வைத்த தொகை இல்லை. அச்சடித்த கணக்கில், எல்லோரும் படிக்கும்படி இருந்தது.

2014 கோடையில், புது சீசனுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, ஒப்பந்தத்தில் இருந்த ஆட்டக்காரர்கள் ஒரு முழு அணிக்குக் கூடக் காணவில்லை. அந்த சீசனில் கடைசி இடம். 2015 மே 2 அன்று ஹடர்ஸ்ஃபீல்டுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். 48-வது நிமிடத்தோடு ஆட்டம் கைவிடப்பட்டது. அடுத்த வருடம் இன்னொரு டிவிஷன் கீழே. இணையத்தில் விமர்சித்த ரசிகர்கள் மீது அவதூறு வழக்குகள் வேறு. ஒருவர் 20,000 பவுண்டு கொடுக்க வேண்டியதாயிற்று.

அப்போது பிறந்த முழக்கம்தான் 'நாட் எ பென்னி மோர்'. இனி ஒரு பைசா தரமாட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கவில்லை.

இதைக் கோபம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அதில் ஒரு கணக்கும் இருந்தது. வெளியூர் ஆட்டங்களுக்கு அவர் பஸ் ஏறிப் போவார். லீக் ஆட்டத்தில் டிக்கெட் பணம் உள்ளூர் கிளப்புக்குத்தான் சேரும், பிளாக்பூலுக்கு வராது. எஃப்.ஏ. கோப்பையில் வசூலை இரண்டு கிளப்பும் பங்கு போட்டுக்கொள்ளும், அதனால் அந்த ஆட்டங்களுக்குப் போகமாட்டார். நம்மூரில் உண்ணாவிரதத்தில் வாய் நனைப்பதற்குக் கூட விதி வைத்திருப்போமே, அதுபோல.

ஆனால் பேரன் போனான். அவனுக்கு அப்போது பதினேழு வயது. "முதலாளி இன்றைக்கு இருப்பான், நாளைக்குப் போவான். நான் போகிறது அந்தப் பதினோரு பேருக்காக. காலி இருக்கைகளுக்கு நடுவே ஆடுகிற பையன் என்ன தப்பு செய்தான்?" என்பது அவன் வாதம். "நீ கொடுக்கிற பணம் அந்தப் பதினோரு பேருக்குப் போகவில்லை" என்பது தாத்தாவின் பதில். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் தட்டைப் பார்த்தே பேசுவார்கள். ஊரெங்கும் இதுதான் நிலைமை. போகிறவனை 'துரோகி' என்பார்கள். போகாதவனை 'கஷ்ட காலத்தில் கைவிட்டவன்' என்பார்கள். 2017-ல் வெம்ப்ளியில் எக்ஸெட்டரை வென்று பிளாக்பூல் ஒரு படி மேலே வந்தபோது, அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். தாத்தா வீட்டிலேயே இருந்தார். கோல் விழுந்தபோது பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக ஒரு சத்தம் கேட்டது. பிறகு அமைதி.

இரண்டு பேரில் யார் சரி? அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் தாத்தா பக்கம் என்றிருப்பேன். இன்றைக்கு யோசித்துச் சொல்கிறேன்.

ஆய்ஸ்டனை வீழ்த்தியது காலி இருக்கை இல்லை, வழக்கு. கிளப்பில் 20 சதவீதப் பங்கு வைத்திருந்த லாட்வியா நாட்டுத் தொழிலதிபர் வலேரி பெலோகோன் உயர்நீதிமன்றம் போனார். கிளப்பின் பணம் முறையற்ற வழியில் வெளியே எடுக்கப்பட்டது என்று 2017 நவம்பரில் தீர்ப்பு வந்தது. பெலோகோனின் பங்கை 3 கோடியே 12 லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்க வேண்டும் என்று உத்தரவு. அந்தத் தொகை முழுதாக வந்துசேரவில்லை. 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் ஒரு ரிசீவரை நியமித்தது. ஆய்ஸ்டன் நிர்வாகத்திலிருந்து நீக்கப்பட்டார். அந்த ஜூனில் பிளாக்பூலில் பிறந்த சைமன் சாட்லர் கிளப்பை வாங்கினார்.

அப்படியானால் அந்த நான்கு வருடம் வீண்தானா என்று நானே தாத்தாவிடம் கேட்டேன். அவர் சொன்னது: "நாங்கள் எல்லோரும் போய் உட்கார்ந்திருந்தால், இங்கே ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று அவர் சொல்லியிருப்பார். டிவி கேமராவும் அதையே காட்டியிருக்கும்."

இன்னொரு ஊரையும் சொல்ல வேண்டும். அதே லங்காஷயர் பகுதியில் பரி என்று ஒரு கிளப். 1885-ல் தொடங்கியது, இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வாங்கியது. 2018 டிசம்பரில் அந்தக் கிளப் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. சொத்தோடு கடனும் சேர்ந்து வந்ததால்தான் அந்த விலை. அங்கே ரசிகர்கள் விலகவில்லை. கிளப்பைக் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கையில் கடைசி நாட்களில் மைதானத்தைப் பெருக்கிக் கழுவக்கூடப் போனார்கள். 2019 ஆகஸ்ட் 27 அன்று லீகிலிருந்து பரி வெளியேற்றப்பட்டது. ஆகவே விசுவாசமாகப் போய்க்கொண்டே இருந்தால் கிளப் பிழைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது.

பெரிய கிளப்புகளின் கதை வேறு. 2005-ல் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியபோது, பெரும்பகுதி கடன் வாங்கிய பணம். அதில் நிறையக் கடன் கிளப்பின் தலையிலேயே ஏறியது. வெறுத்துப்போன ரசிகர்கள் சிலர் அதே வருடம் 'எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்' என்று சொந்தமாக ஒரு கிளப்பே தொடங்கினார்கள். அங்கே ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. ஆனால் ஓல்ட் டிராஃபோர்ட் காலியாகவில்லை. ஒருவர் எழுந்தால் அந்த இருக்கைக்கு இன்னொருவர் காத்திருக்கிறார், வரவில் பெரும்பங்கு எப்படியும் வேறு வழியில் வருகிறது.

தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு ரசிகன் தன்னையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். முதலாவது, நான் கொடுக்கிற பணம் எங்கே போகிறது? கணக்கைப் படித்துப் பார்க்க வேண்டும். தோற்றுப்போவதும் கெட்ட நிர்வாகமும் ஒன்றல்ல. அணி தோற்கிறது என்பதற்காக விலகுகிறவனுக்கு நான் பரிந்து பேசமாட்டேன். இரண்டாவது, நான் தனியாக விலகுகிறேனா, சேர்ந்து விலகுகிறோமா? தனியாக விலகினால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் ஆகும். மூன்றாவது, என்ன நடந்தால் திரும்பி வருவேன்? இதற்குப் பதில் இல்லாமல் விலகினால் அது பிரிவுதான், போராட்டம் ஆகாது. பிளாக்பூல்காரர்கள் அதைத் தெளிவாகச் சொன்னார்கள்: அவர் போகும் நாளில் நாங்கள் வருவோம்.

வந்தார்கள். 2019 மார்ச் 9, சவுத்எண்ட் அணியோடு ஆட்டம். அதற்கு முன்பே ரசிகர்கள் போய், பறவை எச்சம் படிந்த இருக்கைகளைச் சுத்தம் செய்தார்கள். அன்று வந்தவர்கள் 15,871 பேர். நானும் அவர்களில் ஒருவன். தாத்தா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஆட்டம் முடியும் தறுவாயில் பிளாக்பூல் சமன் செய்து 2-2 ஆனது. ஏதோ உலகக் கோப்பையை வென்றதுபோல் கத்தினார்கள். தாத்தாவுக்கு இடப்பக்கம் பேரன் உட்கார்ந்திருந்தான். வலப்பக்க இருக்கையில் தன் கோட்டை மடித்து வைத்திருந்தார். நாற்பது வருடம் அங்கே உட்கார்ந்திருந்த நண்பர் 2017 குளிர்காலத்தில் இறந்துபோயிருந்தார். திரும்பி வரும் நாளை அவர் பார்க்கவில்லை. ஆட்டம் முழுவதும் அந்தக் கோட்டை யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

ஆகவே, விலகச் சொல்கிறவர்கள் அதன் விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாத்தா செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் பேரனைத் துரோகி என்று சொன்னவர்கள் தவறு. அவன் அந்த நான்கு வருடமும் போய்க்கொண்டிருந்ததால்தான், திரும்பி வந்தவருக்குப் பக்கத்தில் உட்கார ஒருவன் இருந்தான்.

இவ்வளவு கஷ்டமும் எதனால்? ரசிகனிடம் டிக்கெட் இருந்தது, ஓட்டு இல்லை. ஜெர்மனியில், சில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் ஓட்டில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும் என்பது விதி. இங்கிலாந்தில் பரி போன்ற கதைகளுக்குப் பிறகு, 2025 ஜூலையில் ஒரு சட்டம் வந்து, கிளப்புகளைக் கண்காணிக்கத் தனி அமைப்பு உருவாகியிருக்கிறது. உரிமையாளரின் தகுதியை அது பார்க்கும். கிளப்புகள் ரசிகர்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும்.

முடிப்பதற்கு முன் நம் விஷயம் ஒன்று. பிளாக்பூல் கதையைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் நானும் மெயின்டனன்ஸ் கட்டாமல் நிறுத்தலாமே" என்று யாராவது யோசிக்கலாம். பின்வரிசையில் இரண்டு பேர் சிரிப்பது தெரிகிறது. தாத்தாவிடம் டிக்கெட் மட்டும்தான் இருந்தது. அதைத்தான் அவரால் மறுக்க முடிந்தது. நம் கையில் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கிற உரிமை இருக்கிறது, கமிட்டியை மாற்றுகிற ஓட்டு இருக்கிறது. போன பொதுக்குழுவில் கோரம் சேராமல் அரை மணி நேரம் ஒத்திவைத்தோம். இந்தக் கிளப் ஹவுஸில் அன்றைக்கு எத்தனை நாற்காலி காலியாகக் கிடந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் வாருங்கள். சண்டை போடுவதற்காகவாவது வாருங்கள்.

பிள்ளைகளே, இன்று ராத்திரியும் மேட்ச் உண்டு என்று தெரியும். பார்த்து ரசியுங்கள். கோல் விழுந்தால் கொஞ்சம் மெதுவாகக் கத்துங்கள்.