கம்பிக்கு இருபுறமும்



சிறைச்சாலை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது ஓர் உயர்ந்த மதில். அம்மதிலில் ஒரு பெரிய கதவு. அக்கதவில் ஒரு பூட்டு. பூட்டுக்கு அப்பால் இருப்பவன் குற்றவாளி, இப்பால் சாவியோடு நிற்பவன் காவலன் என்று எளிதாகப் பிரித்துவிடுகிறோம். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு வாழ்ந்த நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவர் என்னிடம் படித்த மாணவர் ஒருவரே.

அவர் சிறைக் காவலராகப் பணிபுரிபவர். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது என்னைக் காண வந்தார். வகுப்பில் ஓயாது சிரித்துப் பேசியவர், அன்று திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் வாய் திறவாமல் இருந்தார். "என்ன தம்பி, உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன். "உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஐயா. உறக்கந்தான் இல்லை" என்றார். பிறகு மெல்ல மெல்லச் சொன்னார்.

ஓர் இரவு அவர் பாராவில் இருந்தாராம். அன்று மாலைதான் சிறைக்கு வந்து சேர்ந்த இளைஞன் ஒருவன், உணவைத் தொடாமல் சுவரையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தான். இவர் இருமுறை அவ்வழியே நடந்தார். மூன்றாம் முறை நின்று, "சாப்பிடவில்லையா தம்பி? எந்த ஊர்?" என்று கேட்டார். அவ்வளவுதான், அவ்விளைஞன் விம்மி அழுதான். "விடிவதற்குள் போய்விடலாம் என்று இருந்தேன், அண்ணே" என்றான். இவர் உடனே மேலதிகாரிக்குச் செய்தி அனுப்பி, மருத்துவர் வரும்வரை அவ்விடத்தை விட்டு அகலாமல் அவனோடு பேசிக்கொண்டிருந்தார். ஓர் உயிர் காக்கப்பட்டது.

"நல்ல காரியம் செய்திருக்கிறாய். அதற்கு ஏன் உறக்கம் கெட வேண்டும்?" என்றேன். "மூன்றாம் முறையும் நான் நிற்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைவு ஒவ்வோர் இரவும் வருகிறது, ஐயா. இதை யாரிடம் சொல்வது? காவலனுக்கு மனம் தளர்ந்துவிட்டது என்றால் சிரிக்க மாட்டார்களா?" என்றார்.

கம்பிக்கு உள்ளே ஒருவன், வெளியே ஒருவன். இருவருக்கும் துன்பம் ஒன்றே. சொல்ல முடியாத துயரம் நெஞ்சில் இருந்தது. அதைக் கேட்பதற்கு ஆள் இல்லை. அதைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

சிறையில் ஒருவன் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்ள முனைவது ஏன்? செய்த குற்றம் அவன் மனச்சான்றைக் குத்துகிறது என்று நாம் விடை கூறிவிடுவோம். அது முழு உண்மையன்று. இந்தியச் சிறைகளில் 2022 ஆம் ஆண்டின் இறுதியில் இருந்தவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். அவர்கள் அடைபட்டிருந்த வழக்கில் நீதிமன்றம் இன்னும் தீர்ப்புக் கூறவில்லை. தீர்ப்புக்கு முன்னரே மனம் தனக்குத் தண்டனை விதித்துக்கொள்ளுகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் 2007 ஆம் ஆண்டில் சிறைகளில் தற்கொலையைத் தடுப்பது பற்றி ஒரு கையேடு வெளியிட்டது. இவ்வகை ஆய்வுகள் யாவும் இடர் மிகுந்த வேளைகள் சிலவற்றைச் சுட்டுகின்றன. முதலாவது, சிறைக்குள் வந்த முதல் சில மணி நேரமும் முதல் சில நாட்களும். நேற்றுவரை வீட்டில் தந்தையாக, மகனாக இருந்தவன் இன்று ஓர் எண்ணாகிவிடுகிறான். ஊரார் என்ன சொல்வார்கள் என்ற வெட்கம் ஒருபுறம். வழக்கு என்ன ஆகுமோ என்ற அச்சம் மறுபுறம். மதுவுக்கு அடிமையானவனாயின், அது திடீரென்று நின்றதும் உடலும் உள்ளமும் சேர்ந்து நடுங்குகின்றன. இரண்டாவது, நீதிமன்றத்தில் தண்டனை கூறப்படும் நாள், பிணை மறுக்கப்படும் நாள். மூன்றாவது, வீட்டிலிருந்து துயரச் செய்தி வரும் நாள். மனுப் போட்டுப் பார்க்க வருவார்கள் என்று காத்திருந்தும் எவரும் வாராத நாள். இவற்றோடு தனிமையும் சேர்ந்தால் இடர் பன்மடங்காகும்.

மாணவர்களே, இதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இடி எங்கே விழும் என்று நமக்குத் தெரியாது. ஆனால் இத்துயரம் எவ்வேளையில் மிகும் என்பது தெரியும். தெரிந்த ஒன்றைத் தடுக்க முயலலாம் அல்லவா?

அம்முயற்சியின் வரலாற்றில் ஒரு சிறு நிகழ்ச்சியை நினைவுகூர்வோம். 1953 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் சாட் வாரா என்னும் பாதிரியார், உயிரை விட எண்ணுவோர் தம்மோடு பேசலாம் என்று அறிவித்துத் தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்தார். பலர் நேரிலும் வந்தனர். காத்திருப்போருக்குத் தேநீர் கொடுத்து உபசரிக்கத் தொண்டர்கள் சிலர் முன்வந்தனர். சில காலத்தில் பாதிரியார் ஒன்றைக் கண்டார். தேநீர் கொடுத்த தொண்டரிடமே மனம்விட்டுப் பேசிய பலர், அவரைக் காணாமலே ஆறுதல் பெற்றுத் திரும்பிச் சென்றனர். 1954 இல் அப்பணியை அவர் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு அவ்வாறு வளர்ந்தது. துயருற்றவனுக்கு முதலில் வேண்டியது பொறுமையுள்ள ஒரு செவி என்பதை அத்தேநீர்க் கோப்பை உலகுக்குக் காட்டியது.

இனி வேல்ஸ் நாட்டின் கடற்கரை நகராகிய சுவான்சிக்கு வருவோம். அங்குள்ள சிறையில் 1990 ஆம் ஆண்டில் பதினைந்தே வயதான சிறுவன் ஒருவன் உயிரை மாய்த்துக்கொண்டான். பள்ளியில் இருக்க வேண்டிய வயது. அத்துயரத்தின் பின்னர், 1991 இல், சமாரிட்டன்ஸ் தொண்டர்களும் சிறை அதிகாரிகளும் கூடி ஒரு புதிய வழியைக் கண்டனர். சிறைவாசிகளுள் தக்கவர்களைத் தேர்ந்தெடுத்து, பிறர் துயரைக் கேட்கும் முறையில் அவர்களுக்குப் பயிற்சி அளித்தனர். அவர்களுக்குக் 'கேட்போர்' என்றே பெயர். பகலாயினும் இரவாயினும் அழைத்தால் வருவார்கள். கேட்டதை வெளியே பரப்ப மாட்டார்கள். இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ எல்லாச் சிறைகளிலும் இத்திட்டம் நடைபெறுகிறது. உலகம் பயனற்றவன் என்று தள்ளிய ஒருவன், மற்றொருவனை வாழவைக்கும் தகுதி பெறுகிறான். அதனால் கேட்பவனுக்கும் வாழ்வில் ஒரு பொருள் கிடைக்கிறது.

நம் நாட்டிலும் எண்ணம் மாறி வருகிறது. முன்னர், உயிர்விட முயன்று பிழைத்தவன்மீது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309 ஆம் பிரிவின்படி வழக்குத் தொடரலாம். ஏற்கெனவே வழக்கில் சிக்கியவனுக்கு இன்னொரு வழக்கு! 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் பாதுகாப்பும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறியது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சிறையிலேனும் மருத்துவப் பிரிவில் மனநலச் சிகிச்சையகம் அமைய வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதையில் பழைய 309 ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாது தடுக்கும் நோக்கத்தோடு செய்யும் முயற்சி மட்டுமே குற்றமாக நிற்கிறது. தேசிய மனித உரிமை ஆணையமும் 2023 இல், சிறைவாசிகளுள் சிலருக்குப் பயிற்சி அளித்து இடரில் இருப்போரை இனங்காணச் செய்யுமாறும், சிறைப் பணியாளர் பயிற்சியில் மனநல அறிவைச் சேர்க்குமாறும் அறிவுறுத்தியது.

இங்கே காவலரை நாம் மறந்துவிடலாகாது. ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் என்பது 2016 ஆம் ஆண்டின் மாதிரிச் சிறை விதித்தொகுப்பு கூறும் அளவு. ஆனால் பல மாநிலங்களில் பணியிடங்கள் நிரம்பாமல் கிடக்கின்றன. ஆள் குறையக் குறைய, இருப்பவர் தோளில் சுமை ஏறுகிறது. இரவுப் பாரா, இடைவிடாத எச்சரிக்கை, பண்டிகை நாளிலும் குடும்பத்தைப் பிரிந்திருத்தல்; இவற்றுக்கிடையே ஒரு மரணத்தை நேரில் காண நேர்ந்தால் அந்நினைவு அவரோடு வீட்டுக்கும் வருகிறது. மனம் சோர்ந்த காவலர் மூன்றாம் முறை நின்று கேட்க மாட்டார். ஆகவே காவலரின் மனநலத்தைப் பேணுவது சிறைவாசியின் உயிரைக் காக்கும் வழியும் ஆகும். நம் வேலூரில் 1979 முதல் சிறை அலுவலர்க்கான பயிற்சிக் கழகம் ஒன்று இயங்கி வருகிறது. பூட்டவும் எண்ணவும் கற்பதோடு, மனத்தை அறியவும் தம் மனத்தைக் காக்கவும் கற்பதும் காவலர் பயிற்சியின் பகுதியாதல் வேண்டும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்குப் பாடம் நடத்தக் கற்பித்தார்கள். வினாக் கேட்கக் கற்பித்தார்கள். கரும்பலகையில் கோணாமல் எழுதவும் கற்பித்தார்கள். ஒரு பிள்ளையின் துயரத்தை எவ்வாறு கேட்பது என்பதற்கு ஒரு பாடவேளையும் ஒதுக்கவில்லை. அன்று திண்ணையில் அம்மாணவர் பேசியபோது, பழக்க தோஷத்தால் அறிவுரை என் நாவின் நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டுக் கேட்டேன். பேசி முடித்தபின், "மருத்துவரிடம் போவோம், நானும் உடன் வருகிறேன்" என்று மட்டும் சொன்னேன். போனோம். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை; சில மாதங்களில் அவருக்கு உறக்கம் திரும்பியது.

மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்பிலும் விடுதியிலும் சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கும் ஒருவர் இருக்கலாம். அருகே சென்று கேளுங்கள். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது தவறான அச்சம்; கேட்பது பெரும்பாலும் சுமையை இறக்கவே உதவும். அவரைத் தனியே விடாதீர்கள். ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். அவ்வெண்ணம் உங்களுக்கே வந்தால், அதை இரகசியமாக வைத்துக்கொள்ளாதீர்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி இரவும் பகலும் கிடைக்கிறது, கட்டணம் இல்லை.

வள்ளுவர் கேள்வி என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அவர் கூறியது அறிஞர் சொல்லைக் கேட்டுத் தெளிவது. துயருற்றவர் சொல்லைக் கேட்பதும் கல்வியே. சிறை மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும், கம்பிக்கு இருபுறமும், அக்கல்வி வேண்டும். மூன்றாம் முறை நின்று கேட்ட அக்காவலரை நினைவில் வையுங்கள். நீங்கள் முதல் முறையே நில்லுங்கள்.